அழைப்பில் சேர்ந்ததும் ப்ளூடூத் ஹெட்செட்டின் ஒலி மங்குகிறதா?

பாட்டுக் கேட்கும்போது தெளிவாக இருக்கும் ப்ளூடூத் ஹெட்செட், ஜூம் அல்லது டீம்ஸ் அழைப்பில் சேர்ந்த மறுகணமே பழைய தரைவழித் தொலைபேசியைப் போல ஒலித்தால், அது பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். விண்டோஸ் கணினியில் இதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில், அதே ஹெட்செட் கைப்பேசியோடும் இணைந்திருந்தால் கைப்பேசியின் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். பிறகு கணினியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து ஹெட்செட்டை நீக்கிவிட்டு, புதிதாக இணையுங்கள். மைக் அறவே வேலை செய்யவில்லையென்றால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று அங்கே தனியாக ஒரு பொத்தான் உண்டு, அதுவும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

என்னை வெகுநேரம் அலைக்கழித்தது அடுத்த படிதான். வழக்கமான ப்ளூடூத், இசைக்கு ஏ2டிபி என்ற முறையையும், பேச்சுக்கு எச்எஃப்பி என்ற முறையையும் கையாள்கிறது. முன்னதில் ஸ்டீரியோ ஒலி கணினியிலிருந்து காதுக்கு மட்டுமே போகும். மைக்குக்கு அதில் இடமில்லை. ஆகவே ஏதேனும் ஒரு செயலி ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தவுடன் இணைப்பு இரண்டாவது முறைக்கு மாறி, ஒலி மோனோவாகி (இரு காதுகளுக்கும் ஒரே ஒலி), அதன் மாதிரி வீதமும் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளந்தெடுக்கப்படுகிறது என்பது) 16 கிலோஹெர்ட்ஸுக்கு, பழைய சாதனங்களில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு, இறங்கிவிடுகிறது. விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் ‘ஸ்டீரியோ’, ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று இரண்டு பெயர்களில் தெரிவதற்கும் இதுவே காரணம்.

அழைப்புச் செயலியின் ஆடியோ அமைப்பைத் திறந்து, ஸ்பீக்கருக்கு ‘ஸ்டீரியோ’ என்றிருப்பதையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் ஒரே பெயரில் தெரியும் விண்டோஸ் 11 கணினிகளில் மைக்கை மட்டும் மாற்றினால் போதும். ‘சிஸ்டத்தில் உள்ளபடி’ என்ற பொருளில் வரும் தேர்வை அப்படியே விட்டுவைக்காதீர்கள். விண்டோஸ் பெரும்பாலும் ஹெட்செட் மைக்கையே மீண்டும் எடுத்துக்கொள்ளும்.

லேப்டாப் மைக்கில் விசைப்பலகைச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே பதிவாகும். எனவே நாள் முழுவதும் அழைப்பிலேயே இருப்பவர்களுக்கு, ப்ளூடூத் அல்லாத, தனக்கென்று யுஎஸ்பி டாங்கிள் (கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு கருவி) கொண்ட வயர்லெஸ் ஹெட்செட்டையே நான் பரிந்துரைப்பேன்.

பின்சேர்க்கை: டாங்கிள் வாங்கிய பிறகும் குரல் விட்டுவிட்டுக் கேட்பதாகச் சிலர் தெரிவித்தார்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் வெளியிடும் மின்காந்த இரைச்சல், டாங்கிள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. டாங்கிளை யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அது இல்லையென்றால், ஒரு நீட்டிப்புக் கேபிளில் செருகி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள்.