பின்பக்க எழுத்து தெரிந்த பழைய புத்தகம்

தாத்தாவின் பெட்டியில் 1870-களில் அச்சான நிகண்டு (செய்யுள் வடிவிலான பழைய சொற்பொருள் நூல்) ஒன்று கிடைத்தது. ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுவிடும் என்று பயம். அதனால் அட்டைப்பெட்டியை வெட்டி V வடிவில் தாங்கி செய்து, கைபேசியை ஸ்டாண்டில் மாட்டிப் படம் எடுத்தேன்.

முதல் நாள் எடுத்த நாற்பது பக்கங்களும் வீண். தாள் அவ்வளவு மெல்லிசு. பின்பக்க எழுத்தெல்லாம் முன்னால் நிழலாக விழுந்து, "கொம்பு" எது, கறை எது என்றே தெரியவில்லை. மென்பொருளில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்த்தேன், நிழலும் சேர்ந்து கறுத்தது. கடைசியில் பத்து ரூபாய் கறுப்பு சார்ட் அட்டைதான் கைகொடுத்தது. எடுக்கும் தாளுக்கு அடியில் அதைச் செருகியதும் பின்பக்கம் மறைந்துவிட்டது. விளக்கை மேலிருந்து காட்டாமல் இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தேன், பளபளப்பும் போனது.

அப்புறம் இன்னொரு கூத்து. பக்க எண்கள் தமிழ் எண்களில். ௩௰௩-க்கு அடுத்து ௩௰௬ வந்தது, அதாவது 33-க்குப் பிறகு 36. இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன்! விட்டுப்போன பக்கங்களைத் திரும்பப் படம் எடுத்து இடையில் சேர்த்தேன்.

எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு உரையாக்கும் மென்பொருள்) பழைய "ணை", "லை", "றா" வடிவங்களில் தடுமாறியது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு, அதைக் குறை சொல்ல முடியாது. சரி, தலைப்பையும் பாட்டு முதற்குறிப்பையும் (பாட்டுகளின் தொடக்கச் சொற்களின் பட்டியல்) மட்டும் கையால் தட்டச்சு செய்து, பிடிஎஃப்பை இணைய ஆவணகத்தில் (Internet Archive) ஏற்றிவிட்டேன்.