போட்டோக்களை அடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ராயபுரத்தில் பேனர் அடிக்க வேண்டியிருந்தது. காசிமேட்டில் விசைப்படகின் முனையில் நின்று மாமா சிரிக்கும் படம் ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு முன் நான் எடுத்தது. கம்ப்யூட்டரில் கிடக்கும் முப்பதாயிரத்துச் சொச்சம் படங்களில் தேடினேன். சிக்கியது, வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வந்த சின்னப் பிரதி. எட்டடிக்குப் பெரிதாக்கியதும் மீசை எது, நிழல் எது என்று தெரியவில்லை. ஒரிஜினல் எங்கே? நான்தான் அழித்திருக்கிறேன். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஒரு ராத்திரி டூப்ளிகேட் தேடும் மென்பொருளை ஓட்டி, அது காட்டியதையெல்லாம் 'சரி, சரி' என்று தட்டியிருந்தேன்.

அந்த மென்பொருள் மேல் தப்பில்லை. டூப்ளிகேட் தேடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரண்டு ஃபைல்களும் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று பார்ப்பது. இதில் எதை அழித்தாலும் நஷ்டமில்லை. இன்னொன்று, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. டிஜிகேம், டூப்குரு என்ற மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. ஆபத்து இதில்தான். ஒரிஜினலும் வாட்ஸ்அப் பிரதியும் அதன் கண்ணுக்கு ஒன்றே. எதை வைத்துக்கொள்வது என்பதை நாம்தான் அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 12 மெகாபிக்சல் போன் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல், சில எம்பி இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தது பெரும்பாலும் சில நூறு கேபிதான். தாலி கட்டும்போது தொடர்ந்து எடுத்த ஐந்து படங்களையும்கூட இது 'ஒன்றே' என்று சொல்லும். அந்த ஐந்தில் ஒன்றில்தான் பாட்டி கண்ணைத் திறந்திருப்பார்.

வாட்ஸ்அப் பிரதியோடு இன்னொரு தொல்லையும் வருகிறது, தேதி. கேமராவோ போனோ படம் எடுக்கும்போது, எடுத்த நாள், நேரம், கேமராவின் மாடல் எல்லாவற்றையும் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. இதற்குப் பெயர் எக்சிஃப். போட்டோ மென்பொருள்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் படங்களை வரிசைப்படுத்துகின்றன. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்த விவரம் உதிர்ந்துவிடும். ஃபைல் பெயரில் ஒரு தேதி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது படம் வாட்ஸ்அப்பில் வந்துபோன நாள், எடுத்த நாள் இல்லை. 2012-இல் எடுத்த திருவொற்றியூர் தேரை அத்தை 2021-இல் ஃபார்வர்டு செய்தால், தேர் 2021-இல்தான் ஓடும். டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். அத்தைக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். "அதுக்கு நீயே வந்து போனை எடுத்துக்கோடா" என்றார். கேபிள் போட்டு எடுத்து வந்தேன். உண்மையில் அதுதான் சிறந்த வழி.

எக்சிஃப் தேதியும் எப்போதும் சத்தியம் பேசாது. துபாயிலிருந்து வந்த அண்ணன் கேமரா கடிகாரத்தை மாற்றவில்லை. அந்த ஊர் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இருவர் எடுத்த கல்யாணப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். பெண் மேடைக்கு வரும் முன்பே தாலி ஏறியிருந்தது! இப்படி ஆனால் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். கேமரா மாடலை வைத்து அண்ணன் படங்களை மட்டும் பிரித்து, மொத்தமாக ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினால் போதும். டிஜிகேமிலும் லைட்ரூமிலும் இதற்கென்றே கருவி உண்டு. பேட்டரி தீர்ந்துபோய்க் கடிகாரம் ஆரம்பத்துக்குத் திரும்பிய பழைய கேமராக்களுக்குக் கொஞ்சம் துப்பறிய வேண்டும். ஜனவரி என்று போட்டிருந்த எங்கள் காசிமேட்டுப் படம் ஒன்றில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நெருக்கிக் கட்டிக் கிடந்தன. அது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-க்குப் பிறகு எடுத்தது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

ஃபோல்டர் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. 'அப்பா', 'திருவிழா', 'பெரம்பூர் வீடு' என்று தலைப்புக்கு ஒரு ஃபோல்டர் போட்டால், மூன்றுக்கும் பொருந்தும் படம் மூன்று பிரதியாகும். ஃபோல்டரை 2019-05 என்று வருஷம் முன்னால் வரும்படி வையுங்கள், தானாக வரிசையில் நிற்கும். ஆள், இடம், விசேஷம் எல்லாம் டேக்கில், அதாவது மென்பொருளில் படத்துக்கு ஒட்டும் தேடுசொல்லில், போகட்டும். ஒரு ஊருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். என்னிடம் 'வண்ணாரப்பேட்டை', 'பழைய வண்ணாரப்பேட்டை', 'வண்ணை' என்று மூன்று டேக் இருந்தன. எதைத் தேடினாலும் பாதிதான் வரும். பழைய குறிப்புகளை ஒட்டும்போதும் கவனம் வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா', போட்டோ மென்பொருளில் ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இவ்வளவு டேக் போடுகிறோமே, அதெல்லாம் எங்கே எழுதப்படுகிறது? இதைக் கேட்காமல் விட்டதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. கூகுளின் போட்டோ மென்பொருளான பிக்காசாவின் காலத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து சொந்தக்காரர்கள் முகத்துக்கெல்லாம் பெயர் வைத்தேன். 2016 மார்ச்சில் கூகுள் பிக்காசாவைக் கைவிட்டது. புது கம்ப்யூட்டருக்குப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தேன். முகம் எல்லாம் வந்தது, பெயர் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெயர்கள் ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்த ஒரு குட்டி ஃபைலிலும் பிக்காசாவின் சொந்தப் பதிவேட்டிலும்தான் இருந்தன. படத்துக்குள் எழுதும்படி அதில் ஒரு தேர்வு இருந்திருக்கிறது. நான் திறந்தே பார்க்கவில்லை. இன்றைய மென்பொருள்களிலும் இதே கதைதான். டிஜிகேமில் அமைப்புகளுக்குள் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், டேக், குறிப்பு, முகப் பெயர் எல்லாவற்றையும் படத்திலேயே எழுதச் சொல்லுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பி-யில் (இந்த விவரங்களை எழுதும் பொது வடிவம்) எழுதும் தேர்வு, கேட்டலாக் அமைப்பில் இருக்கிறது. கேமராவின் ரா ஃபைல்களுக்கு (பதப்படுத்தாத மூலப் படங்களுக்கு) பக்கத்திலேயே அதே பெயரில் ஓர் எக்ஸ்எம்பி ஃபைல் உருவாகும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நாளைக்கு எந்த மென்பொருள் மூடினாலும், மாமாவின் பெயர் மாமாவின் படத்தோடு வரும்.

லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் அதற்குத் தெரியாமல் விண்டோஸ் ஃபோல்டரில் படங்களை நகர்த்தவும் கூடாது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியுமாக நிற்கும். நகர்த்துவதை லைட்ரூமுக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

"எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கு, கவலையில்லை" என்பார் என் மச்சான். 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றும் படங்கள் எல்லாம் அந்த 15 ஜிபி இலவசக் கணக்கில்தான் சேரும். அதில்தான் ஜிமெயிலும் டிரைவும் பங்கு கேட்கின்றன. நிரம்பினால் மெயில் வருவதும் நிற்கும். அதைவிட முக்கியம், அது போனோடு ஒத்துப்போகும் ஏற்பாடு. ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் கூகுளிலும் சேர்ந்தே போகும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. கூகுளில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் வசதி மூலம் எடுத்தால், நீங்கள் அங்கே திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் இருக்காது. பக்கத்தில் ஒரு ஜேசன் ஃபைலில் தனியாக வரும்.

வீட்டுப் பிரதிக்கு வருகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் தரைத்தளத்து வீட்டில் தண்ணீர் ஏறியது. லேப்டாப்பும் பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் பீரோவின் கீழ்த்தட்டில், ஒரே பையில். இரண்டு பிரதி இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் கணக்கில் அது ஒரே பிரதி. இப்போது ஒரு டிஸ்க் பெரம்பூரில் அக்காவின் இரண்டாம் மாடி வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் மாற்றி எடுத்து வருகிறேன், பிரியாணியும் கிடைக்கிறது.

ஆல்பத்துப் பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது முதுகையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தாத்தாவின் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும். ஸ்கேனர் இன்றைய தேதியைப் போடும், அதை உடனே மாற்றுங்கள். சரியான நாள் தெரியாவிட்டால் 1987 ஜனவரி 1 என்று வைத்து, 'தோராயம்' என்று ஒரு டேக் போட்டால் போதும். ஆள் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். நான் 'யார்?' என்று ஒரு டேக் வைத்திருக்கிறேன். அதில் இப்போது அறுபத்து மூன்று படங்கள் இருக்கின்றன. அத்தை ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு நேராக இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.