ஆதார் பதிவும் மறுபிரதியும்: சென்னைவாசிகளுக்கான வழிகாட்டி

ஆதார் அட்டை தொலைந்துபோனால் அதைத் திரும்பப் பெறுவது எளிது; முதலில் பதியும்போது நுழைந்துவிட்ட பிழையைப் பின்னால் களைவதுதான் பெரும்பாடு. பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும் மட்டுமே திருத்துவதற்கு இந்திய தனித்துவ அடையாள ஆணையம் வழக்கமாக அனுமதிக்கிறது என்பதால், இங்கே மறுபிரதியை விடப் பதிவுக்கே கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது.

விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்களாவது இந்தியாவில் வசித்தவர் ஆதாருக்குப் பதியலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்த நிபந்தனை இல்லை. புதிய பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சென்னையில் அண்ணா சாலை, மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற தலைமை அஞ்சலகங்கள், தாலுகா அலுவலகங்களில் இயங்கும் நிரந்தரப் பதிவு மையங்கள், சில வங்கிக் கிளைகள், ஆணையமே நடத்தும் ஆதார் சேவை மையம் ஆகியவற்றில் பதிந்துகொள்ளலாம். சேவை மையத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம்; மற்ற பல இடங்களில் காலையில் டோக்கன் கொடுத்து முடித்துவிடுவார்கள் என்பதால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. ஆவணங்களின் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவற்றை ஸ்கேன் செய்துகொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவார்கள். 18 வயதைக் கடந்தவர் முதன்முறையாகப் பதிந்தால் விண்ணப்பம் மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போகும். எண் கிடைக்கக் குழந்தைகளுக்கு ஆவதை விடக் கூடுதல் காலம் பிடிக்கும்.

தமிழ்நாட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தலைப்பெழுத்திலிருந்து தொடங்குகின்றன. கந்தசாமியின் மகன் முருகன் பள்ளிச் சான்றிதழில் ‘முருகன் கே’, வாக்காளர் அட்டையில் வெறும் ‘முருகன்’, பான் அட்டையில் ‘முருகன் கந்தசாமி’ என்று மூன்று பெயர்களில் இருப்பது இங்கு சாதாரணம். ஆதாரில் எந்த ஆவணத்தைக் காட்டுகிறோமோ அதில் உள்ள பெயர்தான் ஏறும். எனவே, வருங்காலத்தில் பான், பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி ஆகிய எல்லாவற்றிலும் எந்த வடிவம் நிலைக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அந்த வடிவம் உள்ள ஆவணத்தை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும். தலைப்பெழுத்தைத் தந்தை பெயராக விரித்து எழுதிய வடிவமே பின்னாளில் தொல்லை குறைந்தது என்பது என் கருத்து. கைப்பையில் இருக்கும் எல்லாச் சான்றுகளையும் மேசையில் பரப்பி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணியாளரிடம் விட்டுவிடுவது நம் பெரியவர்களின் வழக்கம். அதைத் தவிர்ப்பது நல்லது.

விவரங்களை ஏற்றி முடித்ததும் விண்ணப்பதாரர் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் அவை தெரியும். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். கீழே உள்ள தமிழ் வரியைப் பலர் படிப்பதே இல்லை. ஆங்கிலத்திலிருந்து கணினி தானாகப் பெயர்த்து எழுதும் அந்த வரியில் வள்ளியம்மாள் ‘வல்லியம்மால்’ ஆவதும் கண்ணகி ‘கன்னகி’ ஆவதும் நடக்கும். பணியாளரிடம் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்தித் தருவார். முகவரியிலும் இதே கவனம் தேவை. சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள் உண்டு. சான்று ஆவணத்தில் இரண்டும் இருந்தால் இரண்டையும் ஏற்றச் சொல்லுங்கள், தபால்காரர் திண்டாட மாட்டார். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தச் சீட்டில் உள்ள 14 இலக்கப் பதிவு எண்ணும் அதையொட்டிய தேதி, நேரமும் சேர்ந்துதான் விண்ணப்பத்தின் நிலையை அறிய உதவும். வாங்கியவுடன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரிச் சான்றுதான் தலைவலி. மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும், வாடகை ஒப்பந்தமோ பதிவு செய்யப்படாத வெறும் பத்திரமாக இருக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு அதே முகவரியில் ஆதார் இருந்தால், அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி அவர் ஒப்புதலுடன் மற்றவர்கள் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லாதபோது, ஆணையம் வகுத்த படிவத்தில் மாமன்ற உறுப்பினரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ சான்று பெறலாம். அந்தச் சான்று மூன்று மாதம் மட்டுமே செல்லும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விரல்ரேகையோ கருவிழிப் பதிவோ எடுப்பதில்லை. பிறப்புச் சான்றிதழும் பெற்றோரில் ஒருவரின் ஆதாரும் போதும், நீல நிற அட்டை வரும். மருத்துவமனையில் பிறந்தவுடன் பதியப்படும் சான்றிதழில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது. மாநகராட்சியில் பெயரைச் சேர்த்துவிட்டு, திருத்திய சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொண்ட பிறகே ஆதாருக்குச் செல்ல வேண்டும்; பிறந்த ஓராண்டுக்குள் பெயர் சேர்த்தால் தாமதக் கட்டணமும் இல்லை. பிறகு 5 வயதிலும் 15 வயதிலும் விரல்ரேகை, கருவிழி, புகைப்படம் ஆகியவற்றைப் புதுப்பிப்பது கட்டாயம். 5 முதல் 7, 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் அது இலவசம்.

இனி மறுபிரதி. அட்டை தொலைந்தாலும் 12 இலக்க எண் மாறாது. ஆணையத்தைப் பொறுத்தவரை காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டியதும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆதாரைப் பொறுத்தவரை கைபேசி எண் இணைந்திருந்தால் முகாமுக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. மை ஆதார் தளத்தில் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் கடவு எண்ணை இட்டால் மின் ஆதார் இறங்கிவிடும். எண்ணே நினைவில் இல்லை என்றாலும், பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்து அதே தளத்தில் மீட்டெடுக்கலாம். இறங்கும் கோப்பைத் திறக்க, ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளைப் பெரிய எழுத்தில் இட்டு, தொடர்ந்து பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டும். மின் ஆதாரும் அச்சிட்ட கடிதமும் பிளாஸ்டிக் அட்டையும் சட்டப்படி ஒன்றுதான்.

பர்ஸில் வைக்கும் அளவில் பிளாஸ்டிக் அட்டை வேண்டுமென்றால் அதே தளத்தில் பணம் கட்டினால் விரைவு அஞ்சலில் வீட்டுக்கு வரும். இதற்குப் பதிவான கைபேசி எண் இல்லாவிட்டாலும் வேறு எண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம். தெருமுனைக் கடையில் அச்சடித்து வாங்கும் அட்டையில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று ஆணையமே 2022இல் எச்சரித்திருக்கிறது.

இவ்வளவும் கைபேசி எண்ணை நம்பி நிற்பதால், பழைய சிம்மைத் தூக்கிப் போடும் முன் புதிய எண்ணை ஆதாரில் ஏற்றிவிட வேண்டும். பதிவு மையத்துக்கு நேரில் சென்று விரல்ரேகை வைத்தால் போதும், ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். 2025 அக்டோபர் முதல் விவரத் திருத்தத்துக்கு 75 ரூபாயும் விரல்ரேகை, கருவிழி, புகைப்படப் புதுப்பிப்புக்கு 125 ரூபாயும் கட்டணம்; இரண்டையும் ஒரே தடவையில் செய்தால் 125 மட்டுமே. ரேகை தேய்ந்து ரேஷன் கடைக் கருவியில் திண்டாடும் முதியவர்களை அழைத்துச் சென்று இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். அதிகம் கேட்டாலோ விண்ணப்பம் நின்றுபோனாலோ 1947 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

மின் ஆதாரை ஜெராக்ஸ் கடைக் கணினியில் இறக்கி அச்செடுத்தால், வெளியே வரும் முன் டவுன்லோடு கோப்புறையிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அதை அழித்துவிடுங்கள். தங்கும் விடுதி போன்ற இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுத்தால் போதும். இறக்கும்போதே அதற்கான கட்டம் திரையில் இருக்கும்.