என்டர் தட்டும் முன் படியுங்கள்: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறாது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, சரி, லினக்ஸ் வகை இயங்குதளங்களான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுப் பார்ப்போம் என்று நிறையப் பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள். வரட்டும், நன்றாக வரட்டும். ஆனால் வந்த வேகத்திலேயே "இது நமக்குச் சரிப்படாது" என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் மாட்டிக்கொண்ட சிக்கலில் பெரும்பாதி, திரையில் வந்த இரண்டு வரியை நிதானமாகப் படித்திருந்தால் வந்தே இருக்காது. லினக்ஸ் செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். நாம்தான் படிக்காமல் சம்மதம் என்று "ஒய்" (Y) அடித்து என்டர் தட்டிவிடுகிறோம்.

முதல் தவறு இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே நடக்கிறது. பென்டிரைவிலிருந்து லைவ்வாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, ஓட்டிப் பார்க்கும் வசதி உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாவற்றிலும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். பலர் இதைத் தாண்டி நேராக "இன்ஸ்டால்" பட்டனுக்குப் போகிறார்கள். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் லேப்டாப் விழித்துக்கொள்கிறதா, முக்கியமாக, உங்கள் பிரின்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் கடைகளிலும் அலுவலகங்களிலும் கேனன் எல்பிபி 2900 இல்லாத இடம் குறைவு. அதற்கு லினக்ஸில் கேனனின் தனி டிரைவர் தேவை, அதை ஓட வைப்பது புதியவருக்குத் தலைவலிதான். எச்பி லேசர்ஜெட் 1020க்கு எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்போடு சேர்த்து ஒரு தனி ப்ளக்-இன் இறக்க வேண்டும், எச்பிலிப் பதிப்பு மாறினால் ப்ளக்-இன்னையும் புதிதாக இறக்க வேண்டும். இதெல்லாம் முன்பே தெரிந்தால் திட்டமிடலாம். டாலியோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ, இன்டிசைனோ உங்கள் பிழைப்புக்கு வேண்டுமென்றால் விண்டோஸைத் துடைத்துவிடாதீர்கள், பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பக்கத்தில் வைத்துக்கொள்ளும்போதுதான் அடுத்த தவறுகள். பல புது லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டைத் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) தொட்டாலோ பூட் வரிசையை மாற்றினாலோ அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கீ இல்லையென்றால் அந்த டிரைவில் இருக்கும் கல்யாணப் போட்டோ முதல் கணக்கு ஃபைல் வரை எதுவும் திரும்பாது, யாராலும் எடுத்துத் தர முடியாது. அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது ஆனில் இருந்தால் "ஷட்டவுன்" கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே திறக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும். அது லினக்ஸின் கோளாறு இல்லை, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது. அதை வற்புறுத்தித் திறக்க வைக்கும் கட்டளைகளைத் தேடாமல், விண்டோஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள்.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவதைப் பார்த்துப் பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த வித்தியாசம் சரியாக 5:30. கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம்.

அப்புறம் அந்த நீலத்திரை. செக்யூர் பூட் இருக்கும் கணினியில் என்விடியா டிரைவரையோ சில பிராட்காம் வைஃபை டிரைவர்களையோ போடும்போது உபுண்டு ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் "மோக் மேனேஜ்மென்ட்" என்று, அந்த டிரைவரை நம்பலாம் என்று பதிவுசெய்யும் ஒரு திரை வரும், சில விநாடிகள்தான் நிற்கும். என்னவோ ஏதோ என்று பயந்து அதை விட்டுவிட்டால் கணினி வழக்கம்போல் பூட் ஆகிவிடும், டிரைவர் மட்டும் ஏறாது. பிறகு நாள் முழுக்க டிரைவரை எடுத்து எடுத்துப் போட்டாலும் பலனில்லை. அந்தத் திரையில் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து, முன்பு வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வைஃபையே இல்லாததால் டிரைவரை எப்படி இறக்குவது என்று முழிப்பவர்கள், போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள். அது பெரும்பாலும் உடனே வேலை செய்யும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன், கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் திரையான டெர்மினலில் அவற்றை ஒட்டுவது. எங்கோ படித்ததை அப்படியே காப்பி செய்து ஒட்டுவதில் என்ன ஆபத்து என்பதற்கு டிடி (dd) கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்வதற்காக இறக்கும் ஐஎஸ்ஓ ஃபைலைப் பென்டிரைவில் எழுத அதைப் பயன்படுத்துவார்கள், எந்த டிரைவில் எழுத வேண்டும் என்று நாம்தான் பெயர் கொடுக்க வேண்டும். என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள புது லேப்டாப்பில் உள்ளே இருப்பதன் பெயர் என்விஎம்இ என்று தொடங்கும், செருகிய பென்டிரைவ் எஸ்டிஏ (sda) ஆகிவிடும். சாட்டா வகை டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் எஸ்டிஏ என்பதே உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் எஸ்டிபி (sdb). ஆக, புது லேப்டாப்காரர் ஒருவர் தனக்குச் சரியாக ஓடியதை எழுதி வைத்த அதே வரி, பழைய லேப்டாப்பில் மொத்த டிஸ்க்கையும் அழித்துவிடும். டிடி எதையும் கேட்காது, எச்சரிக்காது. எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடித்துப் பார்த்தால் எந்த டிரைவ் எத்தனை ஜிபி என்று வரிசையாகக் காட்டும். 16 ஜிபி எது 500 ஜிபி எது என்று கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். புதியவர்கள் டிடி பக்கமே போக வேண்டியதில்லை. மின்ட்டில் யூஎஸ்பி இமேஜ் ரைட்டர் இருக்கிறது, விண்டோஸில் ரூஃபஸ் இருக்கிறது.

கேட்டும் படிக்காமல் விடுவது வேறு வகை. 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில், கேம்களுக்கான ஸ்டீம் மென்பொருளைப் போடப்போன கதை லினக்ஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்போது அந்த மென்பொருள் தொகுப்பில் (பேக்கேஜ்) ஒரு பிழை இருந்தது. அதனால் ஸ்டீமைப் போட வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று, மென்பொருளைப் போடவும் நீக்கவும் செய்யும் கருவியான ஆப்ட் (apt) கணக்குப் போட்டது. ஆப் ஸ்டோர் வழியாகப் போட்டபோது அது மறுத்துவிட்டது. டெர்மினலுக்குப் போனார். நீக்கப்போகும் பேக்கேஜ்களின் நீண்ட பட்டியலைக் காட்டி, இது ஆபத்தானது, தொடர வேண்டுமென்றால் "யெஸ், டூ அஸ் ஐ சே!" என்று முழு வாக்கியத்தையும் அடிக்கச் சொன்னது ஆப்ட். அடித்தார், டெஸ்க்டாப் போனது. பிழை பேக்கேஜை வெளியிட்டவர்களுடையது, அதை அவர்கள் சீக்கிரமே சரிசெய்தார்கள். ஆப்ட்டும் அதன்பின் இப்படி எளிதாக வழிவிடாதபடி மாற்றப்பட்டது. ஆனால் ஆப்ட்டின் பதிலில் "நீக்கப்படுபவை" என்று வரும் பகுதியை மட்டும் பார்க்கும் பழக்கம் இருந்தால்போதும், இந்த மாதிரி எதுவும் உங்களை அண்டாது. ஒன்றைப் போடச் சொன்னால் அது நாற்பதை நீக்குகிறேன் என்கிறதா? வேண்டாம் என்று "என்" (N) எழுத்தை அடியுங்கள், நிறுத்துங்கள், ஏன் என்று தேடுங்கள்.

"பெர்மிஷன் டினைட்" வந்தவுடன் முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைப் போடுவதும், அதுவும் போதாமல் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மோட் 777ஐ மேலிருந்து கீழ்வரை எல்லா ஃபோல்டருக்கும் அடிப்பதும் இதே அவசரம்தான். அதை மொத்த சிஸ்டத்துக்கும் அடித்துவிட்டால் சூடோவுக்கென்று இருக்கும் சிறப்பு அனுமதியும் அழிந்துபோய் சூடோவே வேலை செய்யாது, வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உங்கள் சாவி ஃபைலை ஏற்காது. முன்பு எந்த ஃபைலுக்கு என்ன அனுமதி இருந்தது என்று நினைவு வைத்துக்கொள்ள யாரும் இல்லை என்பதால் திருப்பிச் சரிசெய்வதைவிட மறுபடி இன்ஸ்டால் செய்வதே சீக்கிரம் முடியும். வீட்டு ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றால் அதன் உரிமையாளர் யார் என்று முதலில் பாருங்கள்; முன்பு எப்போதோ சூடோவோடு ஓட்டிய ஏதோ ஒன்று அதை நிர்வாகியான ரூட் பெயரில் எழுதியிருக்கும்.

பைத்தான் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், பைத்தான் தொகுப்புகளைப் போடும் பிப்பை (pip) நேரடியாக ஓட்டினால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்று பிழை வரும். அந்தப் பிழைச்செய்தியின் உள்ளேயே வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தைத் தொடாத தனி இடம்) எப்படி அமைப்பது, பைத்தான் நிரல்களைத் தனித்தனியாகப் போடும் பிப்எக்ஸை எப்போது பயன்படுத்துவது என்று எழுதியிருக்கிறது. அதை விட்டுவிட்டு "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற வாலை ஒட்டி ஓட்டச் சொல்லும் யாரோ ஒருவருடைய பதிலைப் பின்பற்றுகிறார்கள். உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. சிஸ்டத்தின் பைத்தானை மாற்றி வைத்ததால் டெர்மினலே திறக்காமல் போனவர்கள் ஏராளம். தயவுசெய்து ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வையுங்கள், ஒரு நிமிட வேலை.

மென்பொருளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் விண்டோஸ் பழக்கம் விடுவதில்லை. தேடுபொறியில் தேடி, கண்ணில் பட்ட தளத்திலிருந்து டெப் ஃபைலை இறக்கி, இரண்டு கிளிக். டிஸ்ட்ரோவின் (நீங்கள் போட்ட லினக்ஸ் வகையின்) சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு எல்லா டிஸ்ட்ரோக்களுக்கும் பொதுவான ஃபிளாட்ஹப், அதற்கும் பிறகுதான் வெளியார் நடத்தும் களஞ்சியங்களான பிபிஏக்கள். மூன்றாம் நபர் களஞ்சியங்களைக் கண்டபடி சேர்த்தால் அடுத்த பெரிய அப்கிரேடின்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள், பயனர்களே ஏற்றும் களஞ்சியமான ஏயூஆரில் இருப்பதெல்லாம் ஆர்ச்காரர்கள் சரிபார்த்தது என்று நம்பிவிட வேண்டாம். 2025 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ் சம்பந்தப்பட்டதுபோலப் பெயர் வைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் தீம்பொருளை யாரோ அங்கே ஏற்றியிருந்தார்கள். ஐஎஸ்ஓவை இறக்கியதும் அது மாற்றப்படவில்லை என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்கச் சொல்வதும் சடங்குக்காக இல்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள் 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, ரகசியமாக உள்ளே நுழைய வழி (பின்கதவு) வைத்த ஐஎஸ்ஓவை இறக்க வைத்தார்கள்.

உபுண்டுவில் பெரிய எண்ணாக இருப்பதே நல்லது என்று 25.04 போன்ற இடைப்பதிப்பை எடுப்பார்கள். அதற்கு ஆதரவு 9 மாதம்தான். அது முடிந்ததும் களஞ்சியம் பழைய பதிப்புகளுக்கான இடத்துக்குப் போய்விடும், அப்டேட் போட்டால் 404 என்று வரும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நீண்ட கால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பை எடுங்கள், 24.04க்கு 2029 வரை ஐந்து ஆண்டு உண்டு. அப்டேட்டே போடாமல் விடுவதும் தவறுதான். பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் உள்ளே போய்க் கையால் ஃபைல்களை அழிக்காமல், ஆப்ட்டின் ஆட்டோரிமூவை ஓட்டுங்கள், அங்கே சேர்ந்த பழைய கெர்னல்களை (லினக்ஸின் மையப் பகுதி) அதுவே நீக்கும்.

பேக்கப் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது, அதனால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறார்கள். டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சிஸ்டம் ஃபைல்களை மட்டும்தான் எடுக்கும், உங்கள் ஹோம் ஃபோல்டரை எடுக்காது. போட்டோ, ஆவணங்களுக்கு வேறு ஒரு டிஸ்க்கில் தனியாகப் பேக்கப் வேண்டும். பென்டிரைவில் காப்பி முடிந்துவிட்டதாகக் காட்டியவுடன் உருவாதீர்கள், எழுதும் வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று சொல்லும்வரை பொறுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கீபோர்ட் பட்டியலில் தமிழ்99 என்ற பெயரில் ஒன்றுக்கு மேல் தெரியும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் எம்17என் (m17n) வழியாக வரும் தமிழ்99ஐ எடுங்கள், அதில்தான் தானாகப் புள்ளி வைக்கும் விதிகள் வேலை செய்யும். மற்றதை எடுத்துவிட்டு லினக்ஸில் தமிழே சரியில்லை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, பழைய டாக் ஃபைல் லிப்ரே ஆபிஸில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இனி எந்தக் கணினியிலும் தெரியும். ஆங்கில ஆவணங்களில் பக்கம் கலைகிறது என்றால் கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா எழுத்துருக்களை இன்ஸ்டால் செய்யுங்கள். அகலம் ஒன்றுபோல் இருப்பதால் வரிகள் பெரும்பாலும் இடம் மாறாது.

கடைசியாக, உதவி கேட்பது. "வைஃபை வேலை செய்யல, ப்ளீஸ் ஹெல்ப்" என்று மட்டும் எழுதினால் உதவ நினைப்பவர்களும் கடந்து போய்விடுவார்கள். எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, என்ன மாடல், என்ன செய்தீர்கள், என்ன வந்தது, இதைச் சொல்லுங்கள். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாமல், டெர்மினலில் வந்ததை எழுத்தாகவே கன்ட்ரோல் ஷிஃப்ட் சி போட்டுக் காப்பி செய்து கொடுங்கள் (வெறும் கன்ட்ரோல் சி, ஓடும் கட்டளையை நிறுத்திவிடும்). இடைமுகத்தைத் தமிழில் வைத்திருப்பவர்கள் அந்தப் பிழைச்செய்தியை மட்டும் ஒருமுறை ஆங்கிலத்தில் வரவழைத்துக் கொடுத்தால், தேடுகிறவருக்கு உடனே அகப்படும்.

பதில் சொல்கிறவரிடம் அதிகாரமாகப் பேசுவதைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். நாம் தினமும் பயன்படுத்தும் எத்தனையோ மென்பொருளை ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார்கள். ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் (xz) என்ற கருவியைப் பராமரித்த லாஸே காலினை, ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேர் என்று சில கணக்குகள் தொடர்ந்து நெருக்கின. கடைசியில் பொறுப்புக்கு வந்த புது ஆள் 2024இல் அதற்குள் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் தோண்டிப் பார்த்ததால்தான் அது மார்ச் மாதத்திலேயே பிடிபட்டது. உங்கள் சிக்கல் தீர்ந்துவிட்டதென்றால் எப்படித் தீர்ந்தது என்று அதே இடத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள், அடுத்து அதே பிழையோடு வருகிறவருக்கு அது தேவைப்படும்.