தேடுபவரைக் காட்டிக்கொடுக்காத படத் தேடல் சேவை: செய்முறை

உங்கள் செயலியில் ஒருவர் இரவு பத்து மணிக்கு "மார்பகக் கட்டி" என்று படம் தேடுகிறார் என்று வையுங்கள். அவர் அதை மருத்துவரிடம்கூட இன்னும் சொல்லியிருக்க மாட்டார். அந்தச் சொல்லும் அவருடைய ஐபி முகவரியும் (இணையத்தில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண்) சேர்ந்து எங்கும் பதிவாகக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. 4417749 என்ற எண்ணுக்குரியவர் யாரென்று, அவர் தேடிய சொற்களை வைத்தே நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்துவிட்டது.

படி 1: பைத்தானிலோ நோடிலோ ஒரு சின்ன சர்வர் எழுதுங்கள். செயலி இதனிடம் மட்டும்தான் பேச வேண்டும்.

படி 2: படங்களுக்கு ஓபன்வெர்ஸ் போதும். வேர்ட்பிரஸ் திட்டத்தின் கீழ் இயங்குவது, திறந்த உரிமப் படங்களைத் தேடித் தருவது. அதன் ஏபிஐக்கு (நிரல்கள் கேட்டுப் பெறும் வாசல்) தேடுசொல்லை அனுப்பினால் தலைப்பு, படைப்பாளி, உரிமம், சிறுபடத்தின் முகவரி எல்லாம் ஜேசானாக (நிரல் எளிதாகப் படிக்கும் உரை வடிவம்) வரும். படைப்பாளி பெயரையும் உரிமத்தையும் படத்தோடு காட்டுங்கள். கேட்பது உங்கள் சர்வராகவே இருக்கட்டும்; பயனரின் ஐபி, குக்கீ, யூசர் ஏஜென்ட் (எந்தக் கருவி, எந்தச் செயலி என்று சொல்லும் வரி) எதையும் கடத்திவிடாதீர்கள்.

படி 3: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தேடலை மறைத்துவிட்டு, வந்த சிறுபட முகவரிகளை அப்படியே செயலிக்குக் கொடுத்துவிடுவார்கள். பயனரின் போன் இருபது படங்களை நேரடியாக இறக்கும். அவருடைய ஐபி வெளியே போய்விடும். எந்தெந்தப் படங்கள் என்று பார்த்தாலே என்ன தேடினார் என்று ஊகித்துவிடலாம். அதனால் படங்களும் உங்கள் சர்வர் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் எந்த முகவரி கொடுத்தாலும் எடுத்துத் தரும் ப்ராக்ஸி (இடையில் நின்று வாங்கித் தரும் சர்வர்) ஆபத்து. யார் வேண்டுமானாலும் அதை வைத்து உங்கள் உள் நெட்வொர்க்கைத் துழாவலாம். ஒவ்வொரு பட முகவரியையும் ஒரு ரகசியச் சாவியால் ஹெச்மேக் கையொப்பமிட்டு (சாவி இல்லாதவர் போலியாக உருவாக்க முடியாத குறியீடு) செயலிக்கு அனுப்புங்கள். திரும்பி வரும்போது கையொப்பம் பொருந்தினால்தான் படம்.

படி 4: இப்போது உங்கள் பக்கம். உங்கள் சர்வருக்கு முன் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்திருந்தால், சும்மா விட்டால் அது இப்படி ஒரு வரி எழுதி வைக்கும்:

203.0.113.7 — 22:14:05 — தேடல்: மார்பகக் கட்டி

இந்த ஒரு வரி போதும், இதுவரை செய்ததெல்லாம் வீண். இப்படி ஒவ்வொரு கோரிக்கையையும் குறித்து வைக்கும் ஆக்சஸ் லாகை அணைத்துவிடுங்கள். தேடுசொல்லை யூஆர்எல்லில் வைக்காமல் போஸ்ட் கோரிக்கையின் உடலில் (முகவரியில் தெரியாத உள்ளடக்கப் பகுதி) அனுப்புங்கள். அளவுக்கு மீறிக் கேட்பவர்களைத் தடுக்க ஐபி தேவைப்பட்டால், நினைவகத்தில் சில நிமிடம் வைத்திருந்தால் போதும். டிஸ்கில் எழுத வேண்டாம்.

தேடுசொல் ஓபன்வெர்ஸுக்குப் போகத்தான் செய்யும். யார் கேட்டார் என்பதுதான் அங்கே தெரியாது. ஒருவர் தன் பெயரையே தேடினால் இந்த ஏற்பாடு அவரைக் காப்பாற்றாது. அதைச் செயலியின் தனியுரிமைப் பக்கத்தில் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

படி 5: சரி, சோதித்துப் பாருங்கள். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி போன்) செயலியைத் திறந்து, அது எந்தெந்த முகவரிகளோடு பேசுகிறது என்று காட்டும் நெட்வொர்க் பட்டியலைப் பார்த்தபடியே ஒரு சொல்லைத் தேடி, படங்கள் முழுக்க வரும்வரை கீழே நகர்த்துங்கள். பட்டியலில் உங்கள் டொமைன் பெயரைத் தவிர இன்னொரு பெயர் தென்பட்டால், திரும்பவும் படி 3க்குப் போங்கள்.