ரெட் சாக்ஸ் புது ஆளை எடுத்ததும் நாம் செய்யும் தவறுகள்

குளிர்காலத்தில் நம் பேஸ்பால் டீம், பாஸ்டன் ரெட் சாக்ஸ், ஒரு வீரரை எடுத்தால் சந்தேகம் வருவதில் தப்பில்லை. அந்தச் சந்தேகத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

முதல் தவறு, சீசனின் இறுதிக்கட்டமான அக்டோபரில் பார்த்த ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆளை எடைபோடுவது. 2012 உலகத் தொடரின், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் தொடரின், முதல் ஆட்டத்தில் பாப்லோ சாண்டோவல் மூன்று ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார், அதில் இரண்டு ஜஸ்டின் வெர்லாண்டர் போட்ட பந்தில். அந்தக் காட்சி கண்ணிலேயே நின்றதால், 2014 நவம்பரில் பாஸ்டன் அவருக்கு 5 வருடத்துக்கு 9.5 கோடி டாலர் கொடுத்தபோது பலருக்கும் சந்தோஷம். ஆனால் அவருடைய ஓபிஎஸ், அதாவது பேஸுக்குப் போகும் விகிதத்தையும் அடியின் பலத்தையும் கூட்டி வரும் எண், 2011-ல் .909, அப்புறம் .789, .758, .739 என்று வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. 2015-ல் .658. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2017 ஜூலையில், அவரை விடுவித்துவிட்டார்கள். நாலு வருடக் கணக்கை ஒரு நிமிஷம் பார்த்திருந்தாலே போக்கு புரிந்திருக்கும்.

அடுத்தது, எந்த இடத்தில் ஆடப்போகிறார் என்று கேட்காமல் விடுவது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. அதே குளிர்காலத்தில் 8.8 கோடி டாலருக்கு வந்த ஹேன்லி ராமிரெஸ் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் இடத்தில், ஆடியவர். அவரைக் கொண்டுபோய் வெளிமைதானத்தின் இடப்பக்கமான லெஃப்ட் ஃபீல்டில், நம் மைதானத்தின் 37 அடி உயர கிரீன் மான்ஸ்டர் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஏப்ரலில் 10 ஹோம் ரன் அடித்தார், ஆனால் மே தொடக்கத்தில் பந்தைத் துரத்திப் போய்ச் சுவரில் மோதி தோள்பட்டையில் அடி. அந்த சீசன் 78 வெற்றி, 84 தோல்வி, கடைசி இடம். 2016-ல் அவரை முதல் பேஸுக்கு மாற்றினார்கள், 30 ஹோம் ரன் வந்தது. ஆள் அதே ஆள்தான், நிற்கும் இடம் மாறியது.

மருத்துவப் பரிசோதனையால் டீல் இழுபறியானால் நிர்வாகத்தின் மேல் பாயாதீர்கள். மைக் நாப்போலிக்கு 3 வருடம், 3.9 கோடி என்று பேசி முடித்த பிறகுதான் இடுப்பெலும்பில் கோளாறு தெரிந்தது. 2013 ஜனவரியில் ஒரே வருடம், அடிப்படைச் சம்பளம் 50 லட்சம் என்று முடித்தார்கள், அவர் 23 ஹோம் ரன் அடித்துக் கொடுத்தார்.

அப்புறம், சின்ன ஒப்பந்தம் என்றால் படிக்காமலே தாண்டிப் போவது. 2012-ல் 93 ஆட்டம் தோற்ற டீமுக்கு, 42.5 லட்சம் டாலருக்கு பந்து வீசும் 37 வயது கோஜி உஎஹாரா வந்தார். சுமார் 36 இன்னிங்ஸில் 43 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது), வெறும் 3 வாக் (தவறான நாலு பந்து போட்டு அவரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) என்று முந்தைய வருடமே டெக்சாஸ் டீமில் காட்டியிருந்தார். பாஸ்டனில் கடைசி இன்னிங்ஸ் வீச வைத்திருந்த ஜோயல் ஹன்ராஹனும் ஆண்ட்ரூ பெய்லியும் காயத்தில் விழ, அந்த வேலை உஎஹாரா கைக்கு வந்தது: அந்த சீசனில் 101 ஸ்ட்ரைக் அவுட், 9 வாக். 2013 அக்டோபர் 30 இரவு ஃபென்வே பார்க்கில் மேட் கார்பென்டரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி உலகத் தொடரை முடித்து வைத்ததும் அந்த உஎஹாராதான்.