துணை வீரரைத் தக்கவைக்க முடியுமா? கொப்பியும் கல்குலேட்டரும் கொண்டு நாமே போட்டுப் பார்க்கும் கணக்கு

ஹட்டனில் நான் வணிகக் கல்வி கற்பிக்கும் டியூட்டரிக்கு வரும் உயர்தர மாணவர்களில் சிலர் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தை விடாமல் பார்ப்பவர்கள். ஜூன் மாத இறுதித் தொடர் ஆட்டங்கள் நமக்குக் காலை ஆறு மணியளவில் தொடங்கும். மழை பிடித்துக்கொள்ளும் அந்த நாட்களில் மின்சாரம் இருந்தால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே வகுப்புக்கு வருவார்கள். ஜூலை பிறந்ததும் கேள்வி மாறிவிடும்: "சேர், இவ்வளவு நன்றாக ஆடியவரை ஏன் விட்டுவிட்டார்கள்? முதலாளியிடம் பணமா இல்லை?"

பணம் இருக்கிறதா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் அந்த வீரருக்கு எவ்வளவு வரை கொடுக்க அணிக்கு அனுமதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பேராசைக்கார வீரர், கஞ்ச முதலாளி என்று ஆளைத் திட்டுவதில்தான் கணக்கு முடியும். நட்சத்திர வீரரை எந்த அணியும் எப்படியாவது பிடித்து வைத்துக்கொள்ளும். எதிரணியின் சிறந்த வீரரைக் காவல் காத்து, பந்துக்கு விழுந்து எழும்பி, பத்துப் புள்ளிகளோடு வீடு போகும் துணை வீரர்தான் இந்த விதிகளுக்கு நடுவில் அகப்படுகிறார். அவருக்காகவே இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

முதற்படி: நான்கு கோடுகளை வரையுங்கள்

கொப்பியின் ஒரு பக்கத்தில் கீழிருந்து மேலாக நான்கு கோடுகள். 2025-26 பருவத்துக்கான தொகைகள் இவை, மில்லியன் டொலரில்:

சம்பள உச்சவரம்பு: 154.647
ஆடம்பர வரிக் கோடு: 187.895
முதல் ஏப்ரன்: 195.945
இரண்டாம் ஏப்ரன்: 207.824

வரிக் கோட்டைத் தாண்டும் அணி லீக்குக்கு வரி கட்டும். அதற்கும் மேலே உள்ள இரண்டு ஏப்ரன்களும் அணிக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் விழும் எல்லைகள். ஒரு மில்லியன் டொலர் என்பது ஏறத்தாழ 30 கோடி இலங்கை ரூபாய். ஆனால் ரூபாயில் மாற்றிக்கொண்டே போனால் தலை சுற்றும், டொலரிலேயே போடுங்கள்.

உச்சவரம்பு என்ற பெயரைப் பார்த்து அதற்கு மேல் போகவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். விதிவிலக்குகள் வழியாக அதைத் தாண்டலாம், பெரும்பாலான அணிகள் தாண்டித்தான் நிற்கின்றன.

இரண்டாம் படி: இப்போதைய சம்பளக் கூட்டுத்தொகை

வரும் பருவத்துக்கு ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் சம்பளத்தைக் கூட்டுங்கள். ஓர் அணியில் முழு ஒப்பந்த வீரர்கள் 15 பேர் வரை இருக்கலாம். இருவழி ஒப்பந்தக்காரர்கள் (கீழ்நிலை லீக்கிலும் மாறி மாறி ஆடுபவர்கள்) மூவரைச் சேர்க்க வேண்டாம். அணியை விட்டுப் போன பின்பும் சம்பளம் பெறுகிறவர்களை மட்டும் மறக்கவே கூடாது. 2025 கோடையில் மில்வாக்கி பக்ஸ், டேமியன் லில்லார்டை விடுவித்து எஞ்சிய சம்பளத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 22.5 மில்லியன் அந்த அணியின் கணக்கில் ஏறும், ஆடாத ஒருவருக்காக.

மூன்றாம் படி: வீரரின் 'பேர்ட் உரிமை' எந்த வகை?

இந்தப் படியில்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். போஸ்டன் செல்டிக்ஸின் லாரி பேர்ட் பெயரால் அழைக்கப்படும் இந்த விதி, உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் அணியும் தன் சொந்த வீரருடன் மீண்டும் ஒப்பந்தம் செய்ய வழிவிடுகிறது. எவ்வளவு வரை என்பது, அவர் எத்தனை பருவங்களாக அணி மாறாமல் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகத்தில் இன்னோர் அணிக்குப் போனால் காலக்கணக்கு அறுபடாது. அவராகவே வெளியேறி வேறு அணியில் ஒப்பமிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மூன்று பருவம் ஆகியிருந்தால் முழு உரிமை. அவரது அனுபவத்துக்கு விதி அனுமதிக்கும் உச்சச் சம்பளம் வரை, ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கலாம். இரண்டு பருவம் என்றால் அரை உரிமை போன்றது: கடந்த சம்பளத்தின் 175 சதவீதம், அல்லது லீக்கின் சராசரிச் சம்பளத்தைவிடச் சற்றுக் கூடுதலான தொகை, இரண்டில் எது பெரிதோ அது. ஒரே பருவம் என்றால் பொதுவாக 120 சதவீதம், அவ்வளவுதான்.

நியூயோர்க் நிக்ஸின் ஐசயா ஹார்டன்ஸ்டீன் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். 2023-24 பருவத்தில் அவர் சம்பளம் ஏறத்தாழ 9.25 மில்லியன். நிக்ஸில் அவருக்கு இரண்டு பருவங்கள். ஆகவே 175 சதவீதம், முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 16.18. ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆண்டுத் தொகையின் 8 சதவீதம் கூட்டலாம்: 17.47, பின் 18.77, பின் 20.06. நான்கு ஆண்டுக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 72.5 மில்லியன். நிக்ஸ் கொடுக்கக்கூடிய உச்சம் அதுதான். ஒக்லஹோமா சிட்டி தண்டரிடம் உச்சவரம்புக்குக் கீழே இடம் இருந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு 87 மில்லியன் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. 2025இல் சம்பியன் கிண்ணத்தையும் வென்றது.

கூட்டிக் கீழே கோடு போட்டதும் முன்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "அப்படியென்றால் நிக்ஸ் மீது பிழையே இல்லையா, சேர்?" என்று கேட்டான். அந்தக் கோடையில் இல்லை. அவரை எடுத்தபோது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டதே முடிவைத் தீர்மானித்துவிட்டது. மூன்று ஆண்டு போட்டிருந்தால் முழு உரிமை கையில் இருந்திருக்கும். துணை வீரரைத் தக்கவைக்கும் வேலை அவரை முதன்முதலில் எடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது.

புரூஸ் பிரவுன் கதை இன்னும் இறுக்கமானது. 2023இல் டென்வர் நகெட்ஸ் கிண்ணம் வென்றபோது பதில் வீரராக வந்து ஆட்டங்களைத் திருப்பியவர் அவர். சம்பளம் 6.479 மில்லியன், அணியில் ஒரே பருவம். 120 சதவீதம் என்றால் 7.775. இந்தியானா பேசர்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு 45 மில்லியன் நீட்டியது. டென்வர் முதலாளி எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்ப விதி விடவில்லை.

நான்காம் படி: வரியோடு சேர்த்து உண்மையான விலை

உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் பணக்கணக்கு. ஓர் உதாரண அணியை எடுப்போம்: மற்றவர்களுக்கான சம்பளம் 186 மில்லியன், நம் துணை வீரர் கேட்பது 12. கூட்டினால் 198. வரிக் கோட்டைத் தாண்டிய தொகை 10.105 மில்லியன்.

ஆடம்பர வரி நம் வீட்டு மின்சாரப் பட்டியல் போன்றது. அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறும். 2025-26இல் ஒவ்வொரு படியும் 5.685 மில்லியன் அகலம். முதல் படியில் டொலருக்கு 1 டொலர் வரி, இரண்டாவதில் 1.25, மூன்றாவதில் ஒரேயடியாக 3.50. ஆகவே:

5.685 × 1.00 = 5.685
4.420 × 1.25 = 5.525
வரி மொத்தம் 11.21

12 மில்லியன் வீரரின் உண்மையான விலை 23.21 மில்லியன்.

கடந்த நான்கு பருவங்களில் மூன்றில் வரி கட்டிய அணிக்கு வீதங்கள் வேறு. முதல் படி 3.00, இரண்டாம் படி 3.25. அதே வீரருக்கு அப்போது வரி மட்டும் 31.42, மொத்தம் 43.42 மில்லியன். ஒரே ஆள், ஒரே சம்பளம். அணி மாறினால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இதனால்தான் "பன்னிரண்டு மில்லியன் பெரிய காசா?" என்று கேட்பதில் பொருள் இல்லை.

ஒரு சலுகையும் உண்டு. வழக்கமான பருவத்தின் இறுதி நாளில் இருக்கும் சம்பளத் தொகைக்குத்தான் வரி. கோடையில் வீரரைத் தக்கவைத்து, பெப்ரவரி வர்த்தகக் கெடுவுக்குள் வேறொருவரை அனுப்பிச் சுமையைக் குறைக்கலாம்.

ஐந்தாம் படி: கடினக் கூரை இருக்கிறதா?

சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள். அதே கோடையில் அணி 14.104 மில்லியன் நடுமட்ட விதிவிலக்கு (உச்சவரம்பைத் தாண்டிய அணியும் வெளி வீரரை எடுக்க விடும் தொகை) முழுவதையும் பயன்படுத்தி வெளி வீரர் ஒருவரை எடுத்திருந்தால், அல்லது ஒப்பமிட்டு அனுப்பும் வர்த்தகத்தில் (பழைய அணி புது ஒப்பந்தம் போட்டு உடனே அனுப்பிவைப்பது) ஒருவரைப் பெற்றிருந்தால், அந்தப் பருவம் முழுவதும் முதல் ஏப்ரனைத் தாண்டவே முடியாது. நம் உதாரண அணிக்கு எஞ்சுவது 195.945 கழித்தல் 186, அதாவது 9.945. முழு உரிமை இருந்தாலும், முதலாளி சம்மதித்தாலும் 12 கொடுக்க வழியில்லை.

ஆறாம் படி: விட்டுவிட்டால் என்ன கிடைக்கும்?

புதியவர்கள் பெரும்பாலும் போடாத கணக்கு இது. வீரரை விட்டால் 12 மில்லியன் கையில் மிஞ்சும், அதைக் கொண்டு வேறொருவரை வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். உச்சவரம்புக்கு மேல் நிற்கும் அணிக்கு அப்படி நடக்காது. பேர்ட் உரிமை அந்த ஒருவருக்கு மட்டும் உரியது. அவர் போனால் அந்த இடமும் அவரோடு போய்விடும். வரி கட்டும் அணியின் கையில் எஞ்சுவது 5.685 மில்லியன் விதிவிலக்கு ஒன்றும், ஏறத்தாழ 2.3 மில்லியன் குறைந்தபட்சச் சம்பள ஒப்பந்தங்களும். இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிவிட்டால் அந்த 5.685 கூட இல்லை. ஆகவே 12 மில்லியன் வீரரை 2.3 மில்லியன் வீரரோடுதான் ஒப்பிட வேண்டும். தரத்தில் அந்த இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். தவிர, தக்கவைத்த வீரரைப் பின்னர் வர்த்தகத்தில் கொடுத்து இன்னொருவரைப் பெறலாம்; விட்டுவிட்ட வீரரைக் கொண்டு எதையும் பெற முடியாது.

சற்று அதிகம் கேட்டாலும் கொடுத்து வைத்துக்கொள் என்ற பக்கமே நான் பெரும்பாலும் சாய்வது இதனால்தான்.

ஏழாம் படி: இரண்டாம் ஏப்ரன்

சொந்த வீரரை முழு உரிமையோடு தக்கவைப்பதை இரண்டாம் ஏப்ரன் தடுப்பதில்லை. ஆனால் அதைத் தாண்டினால் வர்த்தகத்தில் இருவர் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரைப் பெற முடியாது, பணம் சேர்த்து அனுப்ப முடியாது, ஏழு ஆண்டுகளுக்குப் பிந்திய, புது இளம் வீரரை முதல் சுற்றில் தெரிவு செய்யும் உரிமையும் வர்த்தகத்தில் கொடுக்க முடியாதபடி உறைந்துபோகும். அணியின் கைகள் கட்டப்படுகின்றன.

பயிற்சிக்கு 2024 கோடையை எடுங்கள். டென்வரின் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் மூன்று ஆண்டுகளுக்கு 66 மில்லியன் பெற்று ஒர்லாண்டோ மஜிக் அணிக்குப் போனார். வர்த்தகத்தில் வந்தவர் என்பதால் முழு உரிமை டென்வரிடம் இருந்தது. அந்தத் தொகையைக் கொடுத்திருந்தால் அப்போது 188.931 மில்லியனாக இருந்த இரண்டாம் ஏப்ரனைத் தாண்டியிருக்கும். இங்கே விதி தடுக்கவில்லை, அணி தேர்ந்தெடுத்தது. டென்வரின் நட்சத்திர வீரர் நிக்கோலா யோக்கிச் உச்சத்தில் ஆடும் ஆண்டுகளில் இந்தத் தேர்வு தவறு என்பதே என் கருத்து. அடுத்த பருவம் இரண்டாம் சுற்றில் ஏழு ஆட்டம் வரை இழுத்து தண்டரிடம் தோற்றபோது, காவல் காக்க இன்னொருவர் இல்லாத குறை தெரிந்தது.

புரூஸ் பிரவுன் 2025 கோடையில் டென்வருக்கே திரும்பினார், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு. அதற்கு எந்த பேர்ட் உரிமையும் தேவைப்படவில்லை. இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் நிற்கும் அணியும் அந்தச் சம்பளத்துக்கு ஒருவரை எடுக்கலாம்.